வீட்டு ஏக்கத்தில் திரும்பியவர் கோல் சாதனையாளர் ஆன கதை

மாலை ஐந்து மணிக்கு மேல் நெகிரி செம்பிலானில் ஏதாவது ஒரு தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங்காக இருக்கலாம், பகாவ் பக்கம் ஜெராம் பாடாங்காக இருக்கலாம். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அருகே ஒரு திடல் இருக்கும். அதில் பையன்கள் காற்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது போர்ச்சுகலின் சிவப்புச் சட்டையைப் போட்டிருப்பார். முதுகில் 7-ஆம் எண், மேலே ரொனால்டோ என்ற பெயர்.

அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ரொனால்டோவுக்கு முன்பு போர்ச்சுகல் தேசிய அணிக்கு அதிக கோல் அடித்தவர் யார்? பழைய ஆட்டங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எவுசேபியோ என்பார்கள். அது சரியான பதில் அல்ல. 2005 முதல் 2014 வரை அந்தச் சாதனை பவுலேத்தா என்பவரிடம் இருந்தது. 88 ஆட்டங்களில் 47 கோல்கள்.

இதில் ஒரு வியப்பு உண்டு. தன் நாட்டுக்கு 47 கோல் அடித்த இவர், தன் நாட்டின் முதல் நிலை லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பெரிய கழகங்களின் கண்ணில் படாதவர் எப்படி அந்த உயரத்தைத் தொட்டார்? காற்பந்து கனவோடு இருக்கும் நம் மாணவர்கள் ரொனால்டோவின் கதையோடு இந்தக் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

கடல் நடுவே ஒரு தீவு

பவுலேத்தாவின் முழுப்பெயர் பெட்ரோ மிகேல் கரெய்ரோ ரெசெண்டஸ். 1973 ஏப்ரல் 28-ஆம் நாள் அசோரஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள சாவ் மிகேல் தீவில், பொன்டா டெல்காடா நகரில் பிறந்தார். அசோரஸ் போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒன்பது தீவுகள். தலைநகர் லிஸ்பனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் தூரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே இருக்கின்றன.

அங்கே மாடு வளர்ப்பும் பால் உற்பத்தியும் முக்கியத் தொழில்கள். தேயிலைத் தோட்டமும் உண்டு. சாவ் மிகேலில் உள்ள கொரியானா தேயிலைத் தோட்டம் 1883 முதல் இயங்கி வருகிறது. பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் அந்தத் தீவு மக்கள். தோட்டத்தை விட்டு வேலை தேடிப் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களைச் சேர்ந்த நமக்கு இது புரியாத கதை அல்ல.

பெரிய கழகங்களின் தேர்வாளர்கள் இருப்பது லிஸ்பனிலும் போர்ட்டோவிலும். தீவில் ஒரு பையன் எவ்வளவு திறமையாக ஆடினாலும் அவர்கள் பார்வைக்குப் போய்ச் சேர விமானம் ஏற வேண்டும்.

போனார், திரும்பினார்

பவுலேத்தாவுக்கு அந்த வாய்ப்பு சிறு வயதிலேயே வந்தது. நாட்டின் மூன்று பெரிய கழகங்களில் ஒன்றான போர்ட்டோவின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். ஆனால் வீட்டு ஏக்கம் அவரை விடவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டார்.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விளையாட்டுப் பள்ளிக்கோ விடுதிக்கோ போய், முதல் மாதத்திலேயே அம்மா சமையலை நினைத்து அழுதவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்களைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? "கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டான்" என்று சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டே பலர் பந்தைத் தொடுவதை விட்டுவிடுவதுண்டு.

பவுலேத்தா விடவில்லை. தீவுக் கழகங்களில் ஆடினார். பெரிய அரங்கம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. 22 வயது வரை அவருடைய காற்பந்து உலகம் அந்தத் தீவுகளுக்குள்தான் இருந்தது. இன்று 17 வயதில் வாய்ப்பு வரவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த வயதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சுற்று வழி

1995-இல் லிஸ்பனுக்கு அருகில் உள்ள எஸ்தோரில் கழகத்துக்குப் போனார். அது அப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு எல்லை தாண்டி ஸ்பெயினில் சலமாங்கா கழகத்தில் சேர்ந்தார். அதுவும் இரண்டாம் நிலை அணிதான். அந்த 1996/97 பருவத்தில் 19 கோல் அடித்து லீக்கின் அதிக கோல் வீரரானார். சலமாங்கா முதல் நிலைக்கு உயர்ந்தது. அடுத்த பருவம் பார்சிலோனா, ரியால் மாட்ரிட் போன்ற அணிகள் ஆடும் லீக்கில் 15 கோல்கள். 1997 ஆகஸ்டில் தேசிய அணிச் சட்டை அவரைத் தேடி வந்தது.

பிறகு டெபோர்ட்டிவோ லா கொருன்யா. அந்த அணி 2000-இல் ஸ்பெயின் லீக்கை வென்றது. இன்றுவரை அக்கழகத்தின் ஒரே லீக் பட்டம் அதுதான். பவுலேத்தா அந்த அணியில் இருந்தார் என்றாலும், அங்கே கோல் மழை பொழிந்தவர் நெதர்லாந்தின் ரோய் மக்காய். பவுலேத்தா பல நாள் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வேண்டியிருந்தது.

வெற்றி பெற்ற அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா, ஆடக்கூடிய இடத்துக்குப் போவதா? அவர் 27 வயதில் பிரான்சின் போர்டோ கழகத்துக்குப் போனார். நாந்த் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டார். 2002-இல் 22 கோல்களுடன் பிரெஞ்சு லீக்கின் அதிக கோல் வீரர் பட்டத்தை ஜிப்ரில் சிசேவுடன் பகிர்ந்துகொண்டார். 2002, 2003 ஆகிய ஈராண்டும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

2003-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். அன்றைய பி.எஸ்.ஜி. இன்றுள்ள பணக்கார அணி அல்ல. 2008-இல் இரண்டாம் நிலைக்கு இறங்கும் ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பிய அணி. அந்த அணிக்கு ஐந்து பருவங்களில் 109 கோல் அடித்தார். 2015-இல் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் தாண்டும்வரை அது கழகச் சாதனையாக இருந்தது.

கோல் போட்டதும் இரு கைகளையும் சிறகு போல விரித்துக்கொண்டு ஓடுவார். அசோர் என்றால் போர்ச்சுகீசிய மொழியில் வல்லூறு வகையைச் சேர்ந்த ஒரு பறவை. தீவின் பெயரில் இருக்கும் அந்தப் பறவையைத்தான் ஒவ்வொரு கோலுக்கும் அவர் உலகத்துக்குக் காட்டினார். ஊரை விட்டுப் போனாலும் ஊரை மறைக்கவில்லை.

தென் கொரியாவில் ஓர் இரவு

2002 உலகக் கிண்ணம் நம் ஆசியாவில் நடந்தது. ஜூன் 10-ஆம் நாள் தென் கொரியாவின் ஜியோன்ஜூ நகரில் போர்ச்சுகலும் போலந்தும் மோதின. பவுலேத்தா மூன்று கோல் அடித்தார். போர்ச்சுகல் 4-0 என வென்றது. ஆனால் அமெரிக்காவிடமும் தென் கொரியாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது.

அதைவிடக் கசப்பானது 2004. யூரோ கிண்ணப் போட்டி போர்ச்சுகலிலேயே நடந்தது. அணி இறுதியாட்டம் வரை வந்து, லிஸ்பனில் கிரீசிடம் 0-1 எனத் தோற்றது. முன்கள வீரரான பவுலேத்தா அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. கோல் போடுவதற்கென்றே நிற்கும் ஆட்டக்காரருக்கு, சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், அதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்க முடியும்?

அவர் பதில் சொன்னது திடலில். 2006 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் 11 கோல் அடித்தார். அதில் ஓர் ஆட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் நாள் லாட்வியாவுக்கு எதிராக நடந்தது. அன்று இரண்டு கோல் போட்டு, எவுசேபியோவின் 41 கோல் சாதனையை முறியடித்தார். ஆட்டம் நடந்த நகரம் எது தெரியுமா? போர்ட்டோ. வீட்டு ஏக்கத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அதே நகரம்.

2006 உலகக் கிண்ணத்தில் போர்ச்சுகல் நான்காம் இடம் பெற்றது. அத்துடன் பவுலேத்தா தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 2014 மார்ச் 5-ஆம் நாள் கேமரூனுக்கு எதிரான ஆட்டத்தில் ரொனால்டோ அவருடைய 47-ஐத் தாண்டினார். ரொனால்டோவும் மடெய்ரா என்ற தீவில் பிறந்தவர்தான். ஆனால் அவர் சிறுவயதிலேயே லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டவர். இரண்டு தீவுகள், இரண்டு வழிகள். ஒன்று நேர் வழி, மற்றது சுற்று வழி.

எப்படி ஆடினார்?

பவுலேத்தா மின்னல் வேக ஓட்டக்காரர் அல்ல. ஆறு பேரை வெட்டிக்கொண்டு போகும் வித்தைக்காரரும் அல்ல. பந்து வருவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று கணித்து, தற்காப்பு ஆட்டக்காரர் ஓரடி தள்ளி நிற்கும் நேரம் பார்த்து, அந்த இடத்தில் போய் நிற்பார். பிறகு ஒரே தொடுதல், பெரும்பாலும் அது போதும்.

2004-இல் மார்செய் அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை இணையத்தில் தேடிப் பாருங்கள். கோல் கம்பம் சரியாகத் தெரியாத குறுகிய கோணத்திலிருந்து, உலகக் கிண்ணம் வென்ற கோல் காவலர் ஃபாபியன் பார்த்தேசின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். காவலர் எங்கே நிற்கிறார் என்பதை முன்பே மனத்தில் குறித்து வைத்திருப்பவருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். இடம் அறிந்து நிற்பதற்கு விலை உயர்ந்த காலணி தேவையில்லை. தோட்டத்துத் திடலிலும் அதைப் பழகலாம்.

நம் திடலுக்கு வருவோம்

நெகிரி செம்பிலானுக்குக் காற்பந்து புதிதல்ல. மாநில அணி 1948, 2009, 2011 என மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்றிருக்கிறது. எஸ். குணாளன் இந்த மாநில அணிக்கு ஆடித்தான் பெயர் பெற்றார். 2010-இல் ஆசியான் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இடம்பெற்றார். பின்னர் ஜொகூர் டாருல் தக்சிம் அணியில் பல ஆண்டுகள் ஆடினார். 2010-இல் அந்தத் தேசிய அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். 2017 சீ விளையாட்டுப் போட்டி அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டவர் என். தனபாலன். நம் பிள்ளைகளால் முடியும் என்பதற்குச் சான்று தேட வேண்டிய அவசியமில்லை.

ஆனால் வழி முன்பு போல அகலமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் முயற்சியில் வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி 2019-இல் சூப்பர் லீக் வரை வந்தது. 2022 பருவத்துக்குப் பிறகு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நம் இளைஞர்களுக்குத் திறந்திருந்த பெரிய கதவு ஒன்று அத்துடன் சாத்தப்பட்டது.

திடல்களும் குறைகின்றன. செண்டாயான், நீலாய், லாபு பக்கங்களில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகிறது. தோட்டத்தில் ஒரு திடலுக்கு ஓர் அணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி இருந்தது. பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன பிள்ளைக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஃபுட்சால் திடல் எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் பள்ளி அணியை அலட்சியம் செய்யாதீர்கள். மாவட்ட அளவிலிருந்து எம்.எஸ்.எஸ்.எம். வரை செல்லும் பள்ளிப் போட்டிகள்தான் ஒரு தோட்டத்துப் பையனோ பெண்ணோ தேர்வாளர் கண்ணில் படக்கூடிய செலவு குறைந்த வழி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் காற்பந்துப் பயிற்சி ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பெயர் கொடுங்கள். அவர் உங்களைத் தேடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை விளையாட்டு விடுதிக்கோ பகாங், காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடத்துக்கோ போய்த் திரும்பி வந்தால், அதைத் தோல்வி என்று முத்திரை குத்தாதீர்கள். திரும்பி வந்த பிள்ளைக்கு மறுநாள் மாலையும் திடலுக்குப் போகும் தைரியம் வீட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, படிப்பு. எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருந்தால், காற்பந்து கைகொடுக்காத நாளிலும் விளையாட்டு அறிவியல், உடற்பயிற்சி மருத்துவம், பயிற்றுநர் துறை என்று திடலின் அருகிலேயே இருக்க வழி உண்டு. சுற்று வழியில் போகிறவருக்குக் கட்டுச்சோறு அவசியம்.

பவுலேத்தா ஓய்வு பெற்றதும் சாவ் மிகேல் தீவுக்கே திரும்பினார். அங்கே சிறுவர்களுக்காகக் காற்பந்துப் பள்ளி ஒன்றை நடத்துகிறார். தனக்குச் சிறு வயதில் ஊரில் கிடைக்காததை இன்றைய பிள்ளைகளுக்கு ஊரிலேயே கொடுக்கிறார்.

இன்று மாலை திடலுக்குப் போகும்போது, 7-ஆம் எண் சட்டைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அணியில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.