பாலக்கோடு: மூன்று அகலம் கண்ட ஊர்

சென்ற வாரம் மொரப்பூரோடு நிறுத்தியிருந்தோம். சென்னை - சேலம் பெரிய பாதையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து மேற்கே ஒரு குட்டி ரயில் கிளம்பியது. 1906இல் தருமபுரி வரை ஓடியது. 1913இல் பாலக்கோடு வழியாக ஓசூர் வரை நீண்டது.

குட்டி ரயில் என்று சும்மா சொல்லவில்லை. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி வெறும் இரண்டரை அடி. லாபம் பார்த்துப் போட்ட பாதையும் அல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் சீரழிந்தது; பாலக்கோடும் அதற்குள்தான் இருந்தது. துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கினாலும், ரயில் எட்டாத ஊருக்கு அதைக் கொண்டுசேர்க்க மாட்டுவண்டியை விட்டால் வழியில்லை. புல்லும் தண்ணீரும் இல்லாத வருஷத்தில் மாடு எங்கே பிழைத்தது? பஞ்சம் தாக்கும் சீமைகளுக்குப் பாதுகாப்பாக ரயில் பாதை போடவேண்டும் என்று 1880இல் பஞ்சக் கமிஷன் சொன்னது. பாலக்கோட்டுக்கு வண்டி வந்து சேர்ந்தது அதற்கு 33 வருஷம் கழித்து. சர்க்காரின் அவசரம் அன்றைக்கும் அப்படித்தான்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் பாலக்கோடு ரயில் சத்தமே கேட்கவில்லை.

இன்று நாம் ஏறி இறங்கும் ரயில் அதன் வாரிசு என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு பாதை. 1960களின் கடைசியில் சேலம் - பெங்களூரு மீட்டர்கேஜாக வந்து, 1990களில் ஐந்தரை அடி அகலப்பாதையானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1920இல் பாலக்கோட்டுக்காரர் ஒருவர் சென்னை போக நினைத்தால், மொரப்பூரில் வண்டி மாறினால் போதும். இன்று ரயிலிலேயே போவேன் என்று அடம்பிடித்தால் ஒன்று தெற்கே சேலம் பக்கம் இறங்கவேண்டும், இல்லையென்றால் வடக்கே பெங்களூரு ஏறிச் சுற்றவேண்டும். யார் சுற்றுவார்கள்? மொரப்பூருக்கு பஸ்ஸில் போய் ரயில் பிடிக்கிறார்கள். பாலக்கோடு மண்டித் தக்காளிக்கு லாரிதான் கதி.

நிர்வாகமும் பிரிந்தே கிடக்கிறது. பாலக்கோடு ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். மனு எழுதுகிறவர் முதலில் எந்த ஊர் விலாசம் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மொரப்பூர் - தருமபுரி இணைப்புக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர். நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் கரைந்தன. 1941இல் பெயர்த்துக்கொண்டு போனதைத்தான் இந்த ஜனங்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ரயில்வே அமைச்சகம் இதற்கு மேலும் இழுத்தடிக்கக் கூடாது.

அடுத்த வாரம் ராயக்கோட்டை.