கணிதத்தில் சறுக்கினால் கல்லூரிக் கதவு மூடுமா? சீத்தா கேம்ப் எழுப்பும் கேள்வி

புது தில்லி: பத்தாம் வகுப்பில் மற்றப் பாடங்கள் அனைத்திலும் தேறி, கணிதத்தில் மட்டும் 35 மதிப்பெண்ணை எட்டாத ஒரு மாணவி கலைப் பாடமோ வணிகவியலோ படிக்கத் தகுதியற்றவரா? தலைநகரில் கல்விக் கொள்கை வகுப்போர் நெடுங்காலமாக விவாதித்துவரும் இக்கேள்வியின் கனம், மும்பை டிராம்பேயில் தமிழர்கள் கணிசமாக வாழும் சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளில்தான் முழுமையாகப் புலப்படும்.

சீத்தா கேம்ப் உருவானதே அரசின் ஒரு முடிவால்தான். பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-இல் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் வசித்த அக்குடியிருப்பு, கடற்கழியையொட்டிய சதுப்பு நிலத்துக்கு இடம் மாற்றப்பட்டது. இந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்தவரும் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவருமான ஜோக்கின் அற்புதம்.

அதே 1976-இல்தான் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டு சென்றது. ஆகவே, இப்பகுதிப் பிள்ளைகளின் கல்விக்கு மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே பொறுப்பு.

உத்தரவாதம் முடியும் இடம்: மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது, அவற்றுள் தமிழும் ஒன்று. ஆனால், தமிழ்வழி வகுப்புகள் பெரும்பாலும் உயர்நிலைக்கு முன்பே நின்றுவிடுகின்றன. அதன்பின் ஆங்கிலத்துக்கோ ஹிந்திக்கோ மாறியாக வேண்டும். பின்னத்தையும் தசமத்தையும் தமிழில் கற்ற பிள்ளை, இயற்கணிதத்தையும் வடிவியலையும் வேறொரு மொழியில் எதிர்கொள்கிறது. கணக்கு புரியாமல் போவதற்கு முன்பே, கேள்வியின் மொழி புரியாமல் போய்விடுகிறது.

இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கக் கூறும் 350-ஏ பிரிவு, தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் துணை வருகிறது. உத்தரவாதங்கள் முடியும் இடத்தில்தான் கணிதம் கடினமாகிறது.

இது மும்பைத் தமிழர்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2024 டிசம்பரில் நடைபெற்ற 'பரக்' தேசியக் கணக்கெடுப்பில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் பெற்ற சராசரி 37 சதவீதம் மட்டுமே.

இரு வாரியங்கள், இரு நியாயங்கள்: மகாராஷ்டிர மாநில வாரியத்தில் ஒரு காலத்தில் 'பொதுக் கணிதம்' என்ற எளிய மாற்றுப் பாடம் இருந்தது. 2017-18 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது கைவிடப்பட்டது. தில்லியிலுள்ள மத்திய இடைநிலைக் கல்வி வாரியமோ இதற்கு எதிர்த்திசையில் சென்று, 2020 பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்தை 'அடிப்படை', 'தரநிலை' என இரண்டாகப் பிரித்தது. மத்திய வாரியப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சலுகை, ஏழைக் குடும்பங்கள் அதிகம் நாடும் மாநில வாரியத்தில் பறிபோனது.

2017-இல் மும்பை உயர் நீதிமன்றமும், கலை மற்றும் தொழிற்படிப்புகளுக்குச் செல்வோருக்காகக் கணிதத்தை விருப்பப் பாடமாக்க இயலுமா என்று கேட்டது. 2024-இல் வெளியான மாநிலப் பாடத்திட்ட வரைவு இன்னொரு வழியைப் பரிந்துரைத்தது. கணிதத்திலும் அறிவியலிலும் 20 முதல் 35 மதிப்பெண்ணுக்குள் பெறுவோர் பதினொன்றாம் வகுப்பு செல்லலாம். ஆனால், அவ்விரு பாடங்கள் சார்ந்த படிப்புகளில் சேர இயலாது என்ற குறிப்பு சான்றிதழில் இடம்பெறும் என்பதே அது.

இச்சலுகை இருபுறமும் கூரான கத்தி. பாலிடெக்னிக் பட்டயப் படிப்புக்கும், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கும் கணிதமும் அறிவியலும் தேவை. உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளையை விரைவில் சம்பளத்துக்குக் கொண்டுசேர்க்கும் படிப்புகள் இவை. ஒரு கதவைத் திறக்கும் சான்றிதழே மற்றக் கதவுகளைப் பதினைந்து வயதில் பூட்டிவிடுமானால், அதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது?

இப்போதே உள்ள வழிகள்: கணிதத்தில் தவறியதும் படிப்பையே கைவிடத் தேவையில்லை. ஓரிரு பாடங்களில் தவறியோர் 'ஏ.டி.கே.டி.' முறையில் பதினொன்றாம் வகுப்பில் தாற்காலிகமாகச் சேரலாம். முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. தேறியவர்களுக்கு, மதிப்பெண் அதிகமுள்ள ஐந்து பாடங்களே சதவீதக் கணக்கில் சேரும். ஆகவே குறைந்த கணித மதிப்பெண் சதவீதத்தைக் குலைக்காது. மேல்நிலை வணிகவியலில் கணிதம் கட்டாயமில்லை. வெல்டர், தச்சு போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் கணிதமின்றியே ஐந்து பாடங்களுடன் பத்தாம் வகுப்பை முடிக்கலாம், தமிழ்வழியிலும் எழுதலாம். மாநில வாரியத்தில் ஏற்கெனவே தேறிய இரண்டு பாடங்கள் வரை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. கற்றல் குறைபாடு உள்ளோருக்கு ஏழாம் வகுப்பு நிலை எண்கணிதத்தை எடுக்க மாநில வாரியம் அனுமதிக்கிறது. கணக்கிடல் குறைபாடும் அடங்கிய இவ்வகைக் குறைபாட்டை, நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால், அரசு மருத்துவமனையின் சான்று வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர், 'மந்தம்' என்று பள்ளி முத்திரை குத்திய பிள்ளைக்கு இப்படியொரு உரிமை இருப்பதை எப்படி அறிவார்கள்?

நடு வழி: இங்கிலாந்தில் 16 வயதுத் தேர்வில் கணிதத்தில் தேறாதவர்கள் மேற்படிப்பில் சேரலாம், ஆனால், கணிதத்தையும் கூடவே தொடர வேண்டும். 2014 முதல் அரசு நிதிக்கு இது நிபந்தனை. மறுதேர்வு எழுதுவோரில் பெரும்பாலோர் மீண்டும் தவறுகிறார்கள் என்பது அங்குள்ள குறை. கற்பிக்கும் முறையை மாற்றாமல் தேர்வை மட்டும் திரும்ப எழுதவைப்பதால் பயனில்லை என்பதே அது தரும் பாடம். எனினும், கதவையும் மூடாமல் கணிதத்தையும் கைவிடாமல் செல்லும் கொள்கை கவனத்துக்குரியது.

சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்குத் தேவை மூன்று. மொழி மாறும் வகுப்பில் கணிதத்துக்கு இருமொழி இணைப்புப் பயிற்சி. மாநில வாரியத்திலும் இரு நிலைத் தேர்வு. எளிய நிலையில் தேறியவர் பின்னர் உயர்நிலைக்கு மாறும் உரிமை. தேசியக் கல்விக் கொள்கை 2020, பாடங்களை இரு நிலைகளில் வழங்குவது பற்றிப் பேசுகிறது. ஆனால், நிலை மாறும் உரிமை இல்லையெனில் இரு நிலை என்பது இரு வகுப்பாகிவிடும்.

தேர்ச்சி மதிப்பெண்ணை 35-லிருந்து 20-ஆகக் குறைக்க ஓர் அரசாணை போதும். கணிதத்தைத் தமிழில் தொடங்கிய பிள்ளைக்கு அதைப் புரியும்படி சொல்லித்தர ஆசிரியர்களும் நிதியும் வேண்டும். எது எளிதோ அதையே அரசுகள் முதலில் செய்யும். எது தேவையோ அதை அவையில் கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் கடமை.