குதிரையின் குடற்சூலை: காரணமும் கவனிப்பும்

நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்போது சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை, 2019 ஆம் ஆண்டில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. கோவேறு கழுதைகளும் கழுதைகளும் இதைவிட வேகமாகக் குறைந்துள்ளன. எஞ்சியிருப்பவற்றுள் பந்தயக் குதிரைகளும் படைப்பிரிவுக் குதிரைகளும் ஒரு சிறு பகுதியே. பெரும்பாலானவை வீட்டு முற்றத்தில் ஒன்றாகவோ இரண்டாகவோ கட்டி வளர்க்கப்படுபவை. உத்தரப் பிரதேசத்தின் டோங்கா வண்டிக் குதிரை, செங்கல் காளவாயில் கல் சுமக்கும் மட்டக்குதிரை, இமயமலைப் பாதையில் யாத்திரிகரைச் சுமக்கும் கோவேறு கழுதை, திருமண ஊர்வலத்துக்கு அலங்கரிக்கப்படும் மார்வாரிக் குதிரை ஆகியவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய் இருக்கிறது. இத்தகைய குதிரையை ஓரிரவில் இழக்கச் செய்யும் நோய்களுள் முதலிடம் பெறுவது குடற்சூலையாகும்.

குடற்சூலை என்பது உண்மையில் ஒரு நோயின் பெயரன்று. வயிற்றில் தோன்றும் வலியின் பெயர். அவ்வலிக்குக் காரணம் வெறும் வாயுவாகவும் இருக்கலாம், குடல் முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். முன்னது பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். பின்னது அறுவைச் சிகிச்சையின்றித் தீராது. வெளிப்பார்வைக்குத் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குதிரை வைத்திருப்போரும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பிலுள்ள விரிவாக்க அலுவலர்களும் இந்நோயைப் பற்றித் தெளிவாக அறிந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

குதிரை வயிற்றின் தனித்தன்மை

மாடும் குதிரையும் புல்லைத் தின்றே வாழ்ந்தாலும் அவற்றின் வயிறுகள் ஒன்றல்ல. மாட்டின் முன்வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிப்புத் தொட்டி. குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். சிறிது சிறிதாக, நாளின் பெரும்பகுதி நேரம் மேய்ந்துகொண்டே இருப்பதற்கென அமைந்த வயிறு அது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எனப் பெருமளவில் கொட்டப்படும் தீவனத்துக்காக அமைந்ததன்று.

மேலும், உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசை வளையம் மிக வலிமையானது. அதனால் குதிரை வாந்தியெடுக்க இயலாது. அளவுக்கு மீறித் தானியம் தின்றுவிட்டாலோ, கீழ்க்குடல் அடைபட்டு நீரும் வாயுவும் மேல்நோக்கித் தேங்கினாலோ, அவற்றை வெளியேற்ற வேறு வழியில்லை. இரைப்பை கிழிந்து குதிரை மடிவது இவ்வாறுதான்.

நார்ச்சத்தைச் செரிக்கும் வேலை குதிரையில் பின்குடலிலேயே நடைபெறுகிறது. ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள சிறுகுடலைக் கடந்ததும் உணவு குருட்டுக்குடலையும், பின்னர் பெருங்குடலையும் அடைகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கச் செய்து குதிரைக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றன. பெருங்குடல் வயிற்றறைக்குள் இரட்டையாக மடிந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி உடற்சுவரோடு உறுதியாகப் பிணைக்கப்படவில்லை. வாயு நிரம்பினால் மிதந்து இடம் பெயரவும் முறுக்கிக்கொள்ளவும் அதற்கு இடமுண்டு. இடுப்பெலும்பை ஒட்டி அது வளையுமிடத்தில் குழாயின் அகலம் திடீரெனக் குறுகுகிறது. உலர்ந்த தீவனம் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வளைவிலேதான். பொறியாளர் எவரேனும் இக்குழாயை வரைந்திருந்தால் அவரிடம் விளக்கம் கேட்டிருப்போம்!

சூலை எவ்வாறு தோன்றுகிறது

வட இந்தியாவில் குதிரைகளின் முக்கியத் தீவனம் ‘பூசா’ எனப்படும் பொடித்த கோதுமை வைக்கோல். நார் மிகுந்தது, மலிவானது. ஆனால் முற்றிலும் உலர்ந்தது. போதிய நீர் இல்லாதபோது அது குடலில் கெட்டிப்பட்டு அடைப்பாகிறது. வேலை செய்யும் குதிரை வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் நீரை எளிதில் குடிக்கும். வண்டியோட்டியோ வழியில் தொட்டி கண்ட இடத்தில் ஒருமுறை, வீடு திரும்பியபின் ஒருமுறை மட்டுமே நீர் காட்டுகிறார். வேலை செய்யும்போது நீர் கொடுத்தால் சூலை வரும் என்ற நம்பிக்கை பல இடங்களில் வேரூன்றியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. வேலையின் இடையிடையே சிறிது சிறிதாக நீர் பெறும் குதிரைக்கு அடைப்பு ஏற்படும் வாய்ப்புக் குறைவு. வியர்வையோடு வெளியேறும் உப்பை ஈடுசெய்யத் தீவனத்தில் உப்புச் சேர்ப்பதும் தேவை. உப்புக் குறைந்தால் தாகமும் குறைந்துவிடும்.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. மலைப்பகுதிகளில் உறையும் குளிர்நீரைக் குதிரைகள் போதிய அளவு குடிப்பதில்லை. கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றத்தில் கேதார்நாத் செல்லும் பாதையில் 2022 ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் பல குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்தபோது, அளவு மீறிய உழைப்போடு குடற்சூலையும் காரணமாகப் பேசப்பட்டது. உலர்ந்த தீவனம், நீர்க் குறைவு, ஓய்வின்மை ஆகிய மூன்றும் ஒரே பாதையில் சந்திக்கும் இடம் அது. வழியில் வெதுவெதுப்பான நீர்த் தொட்டிகள் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சிலர் ஆடம்பரமாகக் கருதுகின்றனர். குதிரையின் பெருங்குடலை அறிந்தவர் அவ்வாறு கருதமாட்டார்.

வாயுச்சூலைக்குக் காரணம் பெரும்பாலும் தீவனத்தைத் திடீரென மாற்றுவதே. உலர் தீவனத்தில் பழகிய குதிரைக்குப் பனிக்காலத் தொடக்கத்தில் ஈரமான பெர்சீம் பசுந்தீவனத்தை வயிறு நிறையக் கொடுத்தால், பின்குடலில் நொதிப்பு பெருகி வாயு திரள்கிறது. தமிழில் குதிரைமசால் என்றே பெயர்பெற்ற லூசர்னும், அளவு மீறினால், இவ்வாறு செய்யக்கூடியதே. விழாக்காலங்களில் அன்புமிகுதியால் ஊட்டப்படும் கடலை, வெல்லம், மாவுருண்டை ஆகியவற்றால் விளையும் கேடு இன்னும் பெரிது. சிறுகுடலில் செரியாத மாச்சத்து பின்குடலை அடைந்து அமிலமாகிறது. நுண்ணுயிர்கள் மடிந்து நச்சு இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுவலி தீர்ந்தபின்னும் இரண்டு மூன்று நாட்களில் குளம்பு அழற்சி தோன்றிக் குதிரை நிரந்தரமாக நொண்டிவிடுவது உண்டு. எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதற்கு, நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழக அவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதே காரணம்.

இராஜஸ்தானத்தின் மணற்பாங்கான பகுதிகளில் தீவனத்தைத் தரையில் கொட்டும் வழக்கத்தால் மணலும் உட்சென்று குடலின் அடியில் படிகிறது. இதைக் கண்டறியும் வழி எளிது. இலத்தி உருண்டைகள் சிலவற்றை, தரையில் படாதவற்றைத் தேர்ந்து, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால் மணல் அடியில் தங்கும். குஜராத்தில் பெருமளவில் விளையும் இசப்கோல் விதையின் உமி இம்மணலைத் திரட்டி வெளியேற்றக் கொடுக்கப்படுகிறது. நகரங்களில் மணலின் இடத்தைப் பிளாஸ்டிக் பை பிடித்துள்ளது.

தேய்ந்து கூர்மையான பற்களால் சரியாக மெல்லாமல் விழுங்குவதும், இரத்தக்குழாய்ச் சுவரில் தங்கிக் குடலுக்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் கெடுக்கும் ஸ்ட்ராங்கைல் புழுக்களும் ஏனைய காரணங்களாகும்.

அடையாளங்கள்

நோயுற்ற குதிரை தீவனத்தை விட்டு விலகி நிற்கும். தன் விலாப்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைக் கீறும், மேலுதட்டைச் சுருட்டும், சிறுநீர் கழிப்பதுபோல் உடலை நீட்டி நின்று கழிக்காது. வலி மிகும்போது வியர்த்து, படுத்துப் புரளும். கழுதையும் கோவேறு கழுதையும் வலியை வெளிக்காட்டாத இயல்புடையவை. தீவனம் தின்னாமல் தலை தாழ்த்தி நிற்கும் கழுதையை, ஆர்ப்பாட்டம் செய்யும் குதிரையைக் காட்டிலும் அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

மருத்துவரை அழைக்கும்போது சில விவரங்களை உரிமையாளரே சொல்ல முடிந்தால் மிகுந்த நேரம் மிச்சமாகும். கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில் விரல் வைத்தால் நாடித் துடிப்பை எண்ணலாம். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு அது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் நிலைமை கடுமையானது. 80-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். செங்கல் நிறமோ ஊதா நிறமோ நச்சுப் பரவியதைக் காட்டும். விலாவில் காதை வைத்துக் கேட்டால் ஆரோக்கியமான குதிரையின் குடல் இடையறாது இரைந்துகொண்டிருக்கும். பலரும் இரைச்சலைக் கேட்டு அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியது முழு அமைதிக்கே. புரண்டு துடித்த குதிரை திடீரென அமைதியுற்று, வியர்வை குளிர்ந்து, நாடி மட்டும் விரைந்தால் அது குணமடைந்ததன் அறிகுறியன்று. இரைப்பையோ குடலோ கிழிந்திருக்கக்கூடும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

முதலில் தீவனம் முழுவதையும் அகற்றிவிட வேண்டும். குதிரையை மெதுவாக நடத்தலாம், ஆனால் ஓட்டக்கூடாது. இரவு முழுவதும் நடத்திக் களைப்படையச் செய்வது தவறு. அமைதியாகப் படுத்திருக்கும் குதிரையை அடித்து எழுப்ப வேண்டியதில்லை. மோதிக் காயமுறாதபடி விசாலமான, மெத்தென்ற தரையுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்வது போதுமானது.

நம் நாட்டில் சூலையினால் மட்டுமின்றிச் சூலைக்குச் செய்யும் வைத்தியத்தாலும் குதிரைகள் இறக்கின்றன. கடுகெண்ணெயிலோ நீரிலோ பெருங்காயத்தையும் ஓமத்தையும் கலந்து, தலையை உயர்த்திக் கட்டி, புட்டியால் வாயில் ஊற்றுவது பரவலான வழக்கம். வலியால் திணறும் குதிரை விழுங்குவதற்குள் அதில் ஒரு பகுதி மூச்சுக்குழலில் இறங்குகிறது. சூலை தீர்ந்த குதிரை நான்காம் நாள் நுரையீரல் அழற்சியால் மடியும்போது, எண்ணெயை எவரும் குறை கூறுவதில்லை.

மருந்துக்கடையில் வாங்கி உடனே போடப்படும் வலிநீக்கி ஊசியும் அத்தகையதே. வலி மறைந்தால் முறுக்கிய குடல் நேராகிவிடாது. அறுவைக்கு அனுப்புவதா என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் அடையாளமே மறைந்துவிடுகிறது. (கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக், பிணம் தின்னும் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால், 2006 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது.)

கால்நடை மருத்துவர் வந்ததும் மூக்கின் வழியாக இரைப்பைக்குள் குழாயைச் செலுத்துவார். தேங்கிய நீரும் வாயுவும் அதன் வழியே வெளியேறுவதே பல நேரங்களில் உயிரைக் காக்கிறது. நீர் திரும்பி வராவிடில், அடைப்பை இளக்கத் திரவ பாரஃபினும் உப்புக் கலந்த நீரும் அதே குழாயில் செலுத்தப்படும். ஆசனவாய் வழியே கைவிட்டுச் சோதித்து, அடைப்பா இடப்பெயர்ச்சியா என்பதை அவர் உணர்வார். உடலில் நீர்க்குறைவு மிகுந்திருந்தால் சிரை வழியாக நீர்மம் ஏற்றப்படும். சூலை நோயுற்ற குதிரைகளுள் பெரும்பாலானவை இந்த அளவுச் சிகிச்சையிலேயே தேறிவிடுகின்றன. எஞ்சியவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவை. அதற்கான மேசையும் மயக்கமருந்து ஏற்பாடும் சில கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் பந்தய மையங்களிலுமே உள்ளன. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இரைப்பைக் குழாயும் அதைச் செலுத்தப் பயிற்சி பெற்றவரும் இருப்பதே எட்டக்கூடிய முதல் இலக்கு என்று கொள்வதில் தவறில்லை.

குதிரையினங்கள் குறித்த ஆராய்ச்சிக்கென 1985 ஆம் ஆண்டில் ஹிசாரில் தேசிய ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை அழைக்க 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. சட்டமும் உண்டு. சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளைப் பற்றிய 1965 ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, இடைவேளையின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கலாகாது. வெப்பநிலை 37 பாகை செல்சியஸுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. இவ்விதிகளை அலுவலர்கள் விலங்கின்மீது காட்டும் கருணையாக மட்டும் கருதுகின்றனர். அந்த இடைவேளைதான் குதிரை நீர் குடிக்கவும் ஒரு பிடி புல் மெல்லவும் கிடைக்கும் நேரம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

தேறிய குதிரைக்கு உடனே வயிறு நிறையத் தீவனமிட்டால் நோய் திரும்பும். இலத்தி வெளியேறி, குடலிரைச்சல் மீண்ட பின்னர், முதலில் வெதுவெதுப்பான நீர். அடுத்துச் சில கைப்பிடிப் பசும்புல். அதன்பின் நீரில் ஊறவைத்த தீவனம், ஒரு வேளைக்குச் சிறிதளவாக, நாளொன்றுக்கு நான்கைந்து முறை. தானியத்தைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். இக்காலத்தில் குளம்புகளைத் தொட்டுப் பார்த்து, அவை சூடாக உள்ளனவா என்று காலையும் மாலையும் கவனித்து வருதல் வேண்டும்.