திக்குவாயும் நானும்

நம் சங்க இதழை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். உங்கள் இல்லத்தில் திக்கிப் பேசும் குழந்தை இருக்குமாயின், இதைப் படித்து முடிக்கும்வரையேனும் அக்குழந்தையைத் திருத்த முயல வேண்டாம். முப்பது ஆண்டுகளாகத் திக்குவாயனாக வாழ்ந்துவரும் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் அனுபவம் இது. பண்டிதர் எழுதும் ஆராய்ச்சி அன்று.

என் தந்தையார் கட்கியில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் இங்கு வந்து, பழைய சாங்வியில் குடியமர்ந்தார். நான்கு வயதில் எனக்குத் திக்கல் தொடங்கிற்று. அன்னையார் வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாவில் தடவினார். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்த வரலாற்றை நாள்தோறும் சொல்லித் தேற்றினார். ஊருக்குச் சென்றபோது, சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில் ஓசைகொடுத்த நாயகியின் சந்நிதியில் என்னை நிறுத்தி வேண்டிக்கொண்டார். அந்த அன்பைக் குறை கூற மாட்டேன். ஆயினும் திக்கல் என்னை விட்டு அகலவில்லை.

பள்ளியில் பெயர் அழைக்கும்போது, 'ஹஜர்' என்னும் ஒரு சொல் வாயில் எழாமல், வந்திருந்தும் வராதவனாகக் குறிக்கப்பட்ட நாட்கள் பல. மெட்ரிகுலேஷன் தேறியதும் கல்லூரியில் சேர வாய்ப்பிருந்தது. வாய்மொழித் தேர்வை எண்ணி அஞ்சி மறுத்துவிட்டேன். வீட்டுக் கஷ்டமே காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன், அது பொய்.

திக்குவாயர்கள் மறைப்பதில் வல்லவர்கள். எனக்குத் தகர எழுத்துப் பெரும்பகை. தமிழர் ஒருவர் கடையில் தயிர் கேட்கச் சென்று, அச்சொல் வராமல் மோர் வாங்கிவந்து வசவு கேட்டிருக்கிறேன். வேலை தேடிய காலத்தில், புனே நிலையத்தில் 'தாபோடி' என்று சொல்ல இயலாமல், அடுத்த நிலையமான காசர்வாடிக்கு டிக்கெட் வாங்கித் தாபோடியில் இறங்குவேன். இதை என் மனைவியிடம்கூடப் பல ஆண்டுகள் சொன்னதில்லை.

உத்தியோகத்தில் அத்தந்திரம் பலிக்கவில்லை. தொலைபேசியில் வண்டி எண்ணையும் நிலையத்தின் பெயரையும் சொல்லவேண்டிய வேலை. தயிருக்கு மோர் உண்டு. தௌண்டுக்கு வேறு பெயர் இல்லையே! ஒருநாள் அச்சொல்லில் சிக்கி நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் இருந்த மராத்தியப் பெரியவர், "சாவகாஷ் சொல்லப்பா, வண்டி எங்கும் ஓடிவிடாது" என்றார். 'சாவகாசமாக' என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். 'மெதுவாகப் பேசு' என்று அதட்டியவர்கள் பலர். 'நான் காத்திருக்கிறேன்' என்ற பொருளில் சொன்னவர் அவர் ஒருவரே. அன்று முதல் தொலைபேசியை எடுத்தவுடன், "எனக்குத் திக்கும், சற்றுப் பொறுங்கள்" என்று முதலிலேயே கூறிவிடும் வழக்கத்தை மேற்கொண்டேன். திக்கல் நிற்கவில்லை. ஆனால் தொலைபேசி மணி அடித்தால் நடுங்கும் நடுக்கம் நின்றது.

நான் தட்டுத் தடுமாறிக் கண்ட இவ்வழியை அறிஞர்கள் முன்னரே வகுத்திருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்காவில் சார்லஸ் வான் ரைப்பர் (1905-1994) என்ற பேராசிரியர், தாமும் திக்குவாயர், திக்கலோடு மல்லுக்கு நிற்காமல் இலகுவாகத் திக்கப் பழகுமாறு கற்பித்தார். ஜோசப் ஷீஹன் என்ற உளநூலறிஞர் திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் நீருக்கு மேல் தெரியும் சிறு பகுதி, அச்சமும் வெட்கமும் நீருள் மறைந்திருக்கும் பெரும்பகுதி. நம் நாட்டில் 2008-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் திக்குவாயர் சங்கமும், திக்கலை ஏற்றுக்கொள்வதையே முதற்படியாகக் கொள்கிறது. 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடும் திக்குவாயரே. "தாங்கள் எப்போதும் திக்குவீர்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லை, பேசும்போது மட்டுந்தான்" என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர்.

இத்தனையும் அறிந்தபின்னும் எனக்கு ஒரு சோதனை வந்தது. என் மகன் நான்கு வயதில் திக்கத் தொடங்கினான். என் குரலையே அவன் வாயில் கேட்டபோது, இரவில் உறக்கம் கொள்ளவில்லை. வீட்டில் மீண்டும் வசம்பு வந்தது. உறவினர் ஒருவர், "அப்பனைப் பார்த்துப் பழகிவிட்டான், அவன் எதிரில் நீ பேசாதே" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

அது தவறு. திக்கல், பார்த்துப் பழகுவதனால் வருவதன்று. சோம்பலாலோ அறிவுக்குறைவாலோ வருவதுமன்று. பேச்சுறுப்புகளை மூளை இயக்கும் ஒழுங்கில் உள்ள வேறுபாட்டால் வருவது. பல குடும்பங்களில் பரம்பரையாகத் தொடர்வது. 2010-இல் இதனுடன் தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் சிலவற்றை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவர் ஒரு காலத்தில் திக்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தானே மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்து நிற்கிறது. பாடும்போதும் பலருடன் சேர்ந்து ஓதும்போதும் திக்கல் பெரும்பாலும் தோன்றுவதில்லை. மார்கழி பஜனையில் தடையின்றிப் பாடும் என்னைக் கண்டு, "பேச மட்டும் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இதை அறியவேண்டும்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை சில. குழந்தை திக்கும்போது சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். 'மறுபடி ஒழுங்காகச் சொல்' என்னாதீர்கள். நீங்களே நிதானமாகப் பேசுங்கள். திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், பேச்சுப் பயிற்சி அளிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். இத்துறைக்கென்றே மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிலையம் உண்டு. அக்கல்வி கற்றவர்கள் நம் புனேயிலும் உள்ளனர். சிகிச்சை பெறுவதும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சென்ற பொங்கல் விழாவில் ஒரு குறள் ஒப்புவிக்க என் மகனின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. குழந்தை பலர் முன் கேலிக்கு ஆளாவானே என்று என் அன்னையார் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவனையே கேட்டேன். "நான் சொல்றேன் அப்பா" என்றான். மேடையேறி முதற்சொல்லில் நின்றுவிட்டான். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். சொல்லிக்கொடுத்துவிட என் நாவும் துடித்தது, அடக்கிக்கொண்டேன். சபை காத்திருந்தது. மூன்று இடங்களில் திக்கி, குறளை முடித்துவிட்டுக் கீழிறங்கி வந்து, "கரும்பு எங்கே?" என்று கேட்டான்.

அவனுக்குத் திக்கல் மறையுமோ, என்னைப்போல் நிலைக்குமோ, நான் அறியேன். எனினும் அவன் காசர்வாடிக்கு டிக்கெட் வாங்கித் தாபோடியில் இறங்கமாட்டான் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அன்று பொறுமையுடன் காத்திருந்த அன்பர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு என் நன்றி. அன்று நேரில் சொல்ல வந்தேன். 'நன்றி' என்ற சொல்லும் எளிதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். சற்றுச் சாவகாசமாகக் கேளுங்கள்.