கம்ப்யூட்டர் திரை இருண்டால் கலங்காதீர்கள்!



பிள்ளையின் படிப்புக்காக மாதா மாதம் மிச்சம் பிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் மாலை அதன் திரை மினுக்கி மினுக்கி இருண்டுபோகிறது. உடனே என்ன தோன்றும்? "போட்ட காசெல்லாம் போச்சு!" என்றுதானே?

எனக்குத் தெரிந்த ஒரு செம்பனைத் தோட்டக் குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. தந்தை குலை வெட்டுகிறவர். தாய் உரம் போடப் போகிறவர். மகளுக்கு அவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வு. திரை இருண்ட மறுநாளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனார்கள். அங்கிருந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது. மாற்ற 400 வெள்ளி ஆகும்" என்றார். வீடு திரும்பிய தாய், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்றா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

டிரைவர் என்றால் யார்?

டிரைவர் என்றதும் லாரி ஓட்டுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் வேறு. அந்தக் காலத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். துரை ஆங்கிலத்தில் சொல்வார். அதைக் கங்காணி தமிழில் ஆட்களுக்குச் சொல்வார். கங்காணி தப்பாகச் சொன்னால் வேலை கெட்டுப்போகும். ஆனால் துரையிடமும் குற்றமில்லை, ஆட்களிடமும் குற்றமில்லை அல்லவா?

கம்ப்யூட்டரில் விண்டோஸ்தான் துரை. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு வேலையாள். இருவருக்கும் நடுவே நின்று பேசும் சிறிய மென்பொருள்தான் டிரைவர். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்க்கும். திரை ஒரு கணம் இருண்டு மீண்டும் வருவது பல நேரங்களில் இதனால்தான்.

காசில்லாத இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்குக் கண் இருந்தால் போதும். கம்ப்யூட்டரை மூடித் திறக்கும்போது, முதலில் தயாரிப்பாளரின் சின்னம் தெரியும். அந்த நேரத்தில் விண்டோஸின் டிரைவர் இன்னும் வேலைக்கு வரவில்லை. ஆகவே, அப்போதே கோடுகளும் புள்ளிகளுமாகத் தெரிந்தால், கோளாறு திரையிலோ வயரிலோ கார்டிலோ இருக்கிறது. சின்னம் சுத்தமாகத் தெரிந்து, விண்டோஸ் வந்த பிறகு மட்டும் கெட்டால், டிரைவர்மீது சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, 'சேஃப் மோட்' என்னும் சோதனை. இதில் விண்டோஸ் தன்னிடமுள்ள எளிய டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு எழும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பிறகு 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று வரிசையாகப் போய், 4 என்ற எண்ணை அழுத்துங்கள். திரையில் ஒன்றுமே தெரியவில்லையா? விண்டோஸ் எழும் நேரத்தில் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் பக்கம் தானே வரும். சேஃப் மோடில் திரை ஒழுங்காக நின்றால், பெரும்பாலும் டிரைவர்தான் குற்றவாளி.

இனி என்ன செய்யலாம்?

எளியதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று: திரையின் வயரை இரண்டு பக்கமும் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். தனிக் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் வயர் கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். வீடு பெருக்கிய பிறகு தவறான துளையில் செருகிவிட்டு, "படம் வரவில்லை" என்று தவித்தவர்கள் பலர்.

இரண்டு: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளோடு 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டும். அப்போது கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

மூன்று: ஸ்டார்ட் பொத்தானில் மௌஸின் வலப்பக்கத்தை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவர் இல்லை என்று பொருள். எழுத்து பெருத்து, படம் மங்கித் தெரிவது இதனால்தான். கார்டின் பெயர் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், பெயரை இருமுறை தட்டி, 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்துங்கள். முன்பு நன்றாக வேலை செய்த பழைய டிரைவர் திரும்பி வரும்.

நான்கு: அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். அப்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கம்ப்யூட்டரை மூடித் திறந்து, புதிதாகப் போடுங்கள். பயப்படாதீர்கள், டிரைவரை நீக்குவதால் பிள்ளையின் பாடங்களோ குடும்பப் படங்களோ அழிவதில்லை.

புதியதெல்லாம் நல்லதா?

"அப்டேட் செய்த பிறகுதான் கெட்டது" என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2010 மார்ச்சில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட 196.75 என்ற டிரைவரால், சில கார்டுகளின் காற்றாடி சரியாகச் சுழலாமல் சூடேறும் ஆபத்து ஏற்பட்டது. நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனத்துக்கும் தவறு நேரும். பழையதற்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

டிரைவரை எங்கே வாங்குவது? காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்! இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தளத்தில் இலவசமாகவே தருகின்றன. விண்டோஸ் அப்டேட் வழியாகவும் கிடைக்கும். "உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று திரையில் குதிக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள். "கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று போனில் அழைப்பவரிடம் வங்கி விவரம் எதையும் சொல்லாதீர்கள். மலேசியாவில் இப்படிப் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே தங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லையா? கரண்டைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, உள்ளே படிந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். தூசி அடைத்தால் கார்டு சூடேறும். சூடேறினால் திரை இருளும். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் கடைக்குப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். "சின்னம் தெரியும்போது நன்றாக இருந்தது, சேஃப் மோடிலும் நன்றாக இருந்தது, டிரைவரையும் மாற்றிப் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். விவரம் அறிந்தவரை ஏமாற்ற எவரும் தயங்குவார்கள்.

சரி, அந்தத் தாயின் சங்கிலிக்கு வருவோம். அன்றிரவு மகள் ஒன்றைக் கவனித்துச் சொன்னாள்: "அம்மா, ஆரம்பத்தில் சின்னம் நன்றாகத்தானே தெரிகிறது?" மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டு, சேஃப் மோட் வழியை எழுதிக்கொண்டு வந்தாள். 'ரோல் பேக்' கொடுத்து மூடித் திறந்தாள். திரை பளிச்சென்று எழுந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

சங்கிலி இன்றும் அந்தத் தாயின் கழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுத் திரை இருளும் நாளில், பணப்பையைத் தேடுவதற்கு முன் இந்தப் பக்கத்தைத் தேடுங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றும் பக்கத்தில் இருந்தால் போதும்!