முடிச்சில் எழுந்த யக்ஷி

கேரளத்தில் ஆலுவா முதல் மட்டாஞ்சேரி வரை கயிறு என்றால் படகும் பொதிமூட்டையுமே நினைவுக்கு வரும். அத்தகைய எளிய சரக்கான சணற்கயிற்றைக் கொண்டே, உளியும் சுத்தியலுமின்றி, தேவதா ரூபங்களைச் சிருஷ்டித்தவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் ஓவியம் பயின்று, பின்னர் அதே கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்த கே. ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம் கற்ற அவர், கைவினைக்கும் கலைக்கும் பேதம் பாராட்டாத அந்த ஆசானின் நோக்கை வரித்துக்கொண்டு, முன்வரைபடம் எதுவுமின்றி, சாயமேற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னினார். 1984-இல் உருவான ‘யக்ஷி’ சிற்பத்தின் மடிப்புகள் பூவிதழா, அவயவமா என்று பிரித்தறிய இயலாது; இதை வெறும் பின்னல்வேலை என்று ஒதுக்குவது ரசனைக்குறைவு என்பேன். பிற்காலத்தில் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் மாறிய அவருடைய படைப்புகளை, 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தொகுத்துக் காட்சிக்கு வைத்தது.