கடற்சாமந்திக்கு உடம்பு சரியில்லை!

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-இல் ஜான் டேலியல் என்பவர் ஒரு கடற்சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். அவர் 1851-இல் காலமானார். 'பாட்டி' என்று பெயர் பெற்ற அந்தப் பிராணியோ கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடிருந்தது!

பாட்டி குளிர்க்கடல் ஜாதி. நாம் கோமாளி மீனுக்குத் துணையாக வளர்ப்பதோ வெதுவெதுப்பான கடலைச் சேர்ந்தது. கொடைக்கானல் மலைமேல் கவுஞ்சி போன்ற குளிர்ந்த ஊரில் அதை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமல்ல. தொட்டி ஜலம் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தொட்டிக்குக் கம்பளி போர்த்துங்கள்.

கழிவை வெளியேற்ற அது சற்றுச் சுருங்குவதுண்டு, பதற வேண்டாம். வாய் பிளந்து, பிடி தளர்ந்து, நிறமும் வெளுத்தால்தான் கவலை. வெளிச்சத்தைக் கொண்டு ஆகாரம் தயாரித்துத் தரும் நுண்பாசிகள் அதன் உடம்பை விட்டுப் போவதால்தான் இந்த வெளுப்பு. உடனே இறாலை ஊட்டப் போகாதீர்கள். ஜுரக் குழந்தைக்கு லட்டு கொடுப்போமா? ஜலத்தைக் கவனியுங்கள். சுத்திகரித்த ஜலத்தில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை. சமையல் உப்பு ஆகவே ஆகாது. ஆவியாகிக் குறைந்ததற்கு நல்ல ஜலம் மட்டும் போதும், உப்புதான் ஆவியாவதில்லையே! பத்தில் ஒரு பங்கை மாற்றிவிட்டு, பம்பின் வாயைப் பஞ்சால் மறைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள்.

நாற்றமெடுத்துக் கரையத் தொடங்கினால் மட்டும் தயங்காமல் அப்புறப்படுத்துங்கள், மீன்களாவது பிழைக்கட்டும்.